சாட்சி சொல்ல வராததற்கு லஞ்சம்!

கோர்ட்டில் வழக்கு கூப்பிடப்படுகிறது. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் வந்து நிற்கிறார். அவருடைய வக்கீலும் வந்திருக்கிறார். நீதிபதி ஆசனத்தில் இருக்கிறார்.

"இவரைப் பிடித்த போலீஸ்காரர் எங்கே?"

போலீஸ்காரரைக் காணோம்.

வக்கீல் எழுந்திருக்கிறார். "சாட்சி வரவில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும்" என்கிறார். வழக்கு தள்ளுபடி ஆகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்!

அமெரிக்காவில் அல்புகர்க்கி என்ற நகரத்தில் பல வழக்குகள் இப்படிப் போயின. ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. ஏறக்குறைய 30 வருடங்கள்!

அந்தப் போலீஸ்காரர்களுக்கு உடம்பு சரியில்லையா? வேறு அவசர வேலையா? அதெல்லாம் இல்லை. கோர்ட்டுக்கு வராமல் இருப்பதற்கு அவர்கள் பணம் வாங்கியிருந்தார்கள்.

பொய்ச் சாட்சி சொல்ல லஞ்சம் வாங்கியவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் சாட்சியே சொல்லாமல் இருக்க லஞ்சம் வாங்கியவர்கள்.

பலூன் நகரம்

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்சிகோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதில் பெரிய நகரம் அல்புகர்க்கி. ஜனத்தொகை ஐந்தரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு அக்டோபர் மாதமும் அங்கே ராட்சத பலூன் திருவிழா நடக்கும். நூற்றுக்கணக்கான பலூன்கள் மனிதர்களைச் சுமந்துகொண்டு வானத்தில் ஏறும். அதைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் போவார்கள்.

அந்த மாநிலத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது கெட்ட பெயர். மதுவால் சாகிறவர்களின் விகிதம் அமெரிக்காவிலேயே அங்கேதான் அதிகம். ஆகவே, குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதை அங்கே கடுமையான குற்றமாக வைத்திருக்கிறார்கள்.

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லி கிராம் மது இருந்தால் குற்றம். மூச்சை ஊதச் சொல்லி, கருவியால் அளந்து பார்ப்பார்கள். முதல் முறை அகப்பட்டால் 90 நாட்கள் வரை சிறையில் போடலாம். லைசென்சு 6 மாதத்துக்குப் பறிபோகும். ஊத மறுத்தால் ஒரு வருடம்!

அதோடு முடிவதில்லை. குற்றம் நிரூபணமானால் காரில் ஒரு கருவியைப் பொருத்தவேண்டும். டிரைவர் அதில் ஊதினால்தான் கார் கிளம்பும். வாயில் மது வாடை இருந்தால் என்ஜின் அசையாது. முதல் தடவை தண்டனை பெற்றவர்கள் உள்பட எல்லோருக்கும் இந்தக் கருவியைக் கட்டாயம் ஆக்கிய முதல் மாநிலம் நியூ மெக்சிகோதான். அது 2005-இல் நடந்தது.

அமெரிக்காவின் பல ஊர்களில் கார் இல்லாமல் கடைக்குப் போக முடியாது. வேலைக்குப் போக முடியாது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட முடியாது. பஸ் வசதி குறைவு. லைசென்சு போனால் பிழைப்பே போய்விடும். அதைக் காப்பாற்றிக்கொள்ள மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பான் அல்லவா?

இந்தப் பயத்தைத்தான் சிலர் காசாக்கினார்கள்.

நகை எங்கே போனது?

நடந்தது இதுதான்.

இரவு நேரம். ரோட்டில் ஒரு கார் தள்ளாடிக்கொண்டு போகிறது. குடிகாரர்களைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் தனிப் பிரிவுப் போலீஸ்காரர் அதை நிறுத்துகிறார். ஓட்டியவரின் லைசென்சை வாங்கி வைத்துக்கொள்கிறார். சில சமயம் கையில் இருந்த காப்பு போன்ற நகையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ டெலிபோன் மணி அடிக்கும். பேசுகிறவர் போலீஸ்காரர் அல்ல. ஒரு வக்கீலின் உதவியாளர்!

"உங்கள் பொருள் எங்கள் ஆபீசில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது பேச்சின் சாரம்.

போலீசார் வாங்கிய பொருள் வக்கீல் ஆபீசுக்கு எப்படி வந்தது என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? டிரைவர் பதறிக்கொண்டு போவார். அங்கே பேரம் நடக்கும். "எங்களை வக்கீலாக வைத்துக்கொண்டால் வழக்கு நிற்காது" என்று உறுதி கொடுப்பார்கள். டிரைவர் கட்டும் பணத்தில் ஒரு பங்கு போலீஸ்காரருக்குப் போகும். வழக்கமாக, ஒரு வழக்குக்கு 5,000 டாலர். நம் பணத்தில் 4 லட்சம் ரூபாய்க்கு மேல்! பணம் மட்டும் அல்ல, பரிசுப் பொருள்களும் போயின.

டிரைவர் யோசிப்பதற்கு அவகாசம் கொடுக்க, சில சமயம் போலீஸ்காரர் குற்றச்சாட்டைக் கோர்ட்டில் பதிவு செய்யாமலே தள்ளிப்போட்டார்.

பிறகு வேலை மிகவும் சுலபம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை!

விசாரணைக்கு முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியைச் சந்தித்துக் கேள்வி கேட்பது அங்கே ஒரு முறை. அதற்குப் போலீஸ்காரர் போகமாட்டார். கோர்ட்டு வாய்தாவுக்கும் போகமாட்டார். லைசென்சைப் பறிக்கலாமா என்று முடிவு செய்யத் தனியாக ஒரு விசாரணை உண்டு. அதற்கும் போகமாட்டார். "சாட்சி வரவில்லை" என்று வக்கீல் மனுப் போடுவார். எல்லாம் சட்டப்படி நடந்தது போலவே இருக்கும்.

இந்தப் பிரிவில் இருந்த மூத்த போலீசார் புதிதாக வருகிறவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதுபோல இதையும் கற்றுக்கொடுத்தார்கள். அதனால்தான் ஆட்கள் மாறியும் ஏற்பாடு மாறவில்லை.

அதிகாலைச் சோதனை

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் எப்.பி.ஐ. என்னும் மத்திய துப்பறியும் இலாகா களத்தில் இறங்கியது. போலீஸ்காரர்களின் வீடுகளிலும் அந்த வக்கீலின் ஆபீசிலும் சோதனை போட்டது. ஊரே திடுக்கிட்டது.

2025 ஜனவரியில் வக்கீலின் உதவியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் முன்னாள் போலீஸ்காரர்கள் இருவர் ஒப்புக்கொண்டார்கள். சில நாட்களில் வக்கீலும் ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய 30 வருடங்களாக இதை நடத்தியதாக அவரே சொன்னார். நகரப் போலீசார் மட்டும் அல்ல, மாவட்ட ஷெரீப் இலாகாவையும் மாநிலப் போலீசையும் சேர்ந்தவர்களுக்கும் பங்கு இருந்தது என்றார். நகரப் போலீசில் பன்னிரண்டு பேருக்கு மேல் ராஜினாமா செய்தார்கள், ஓய்வு பெற்றார்கள், அல்லது நீக்கப்பட்டார்கள்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று சோதனை நடந்த மாதமே வந்தது. அரசுத் தரப்பு வக்கீல், நிலுவையில் இருந்த 150-க்கு மேற்பட்ட வழக்குகளைத் தாமே வாபஸ் வாங்கினார்!

ஏன்? அந்த வழக்குகளில் சாட்சி சொல்லவேண்டியவர்கள் சந்தேகத்துக்கு ஆளான அதே போலீசார். அவர்களைக் கூண்டில் ஏற்றினால் முதல் கேள்வியே, "நீர் லஞ்சம் வாங்கினவர்தானே?" என்று இருக்கும். அவர்கள் சத்தியம் செய்து சொல்லும் வார்த்தையை யார் நம்புவார்கள்? நம்ப முடியாத சாட்சியை வைத்துக்கொண்டு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது நியாயம் அல்ல. அரசு வக்கீல் செய்தது சரிதான் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நஷ்டம் யாருக்கு? பணம் கொடுத்த குடிகாரர்கள் முன்பே தப்பினார்கள். பணம் கொடுக்காத குடிகாரர்கள் இப்போது தப்பினார்கள். அதே ரோட்டில் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகும் தாய்க்கு இரண்டு வகையிலும் ஆபத்துதான்.

ஒரே சாட்சி

ஒரு போலீஸ்காரர் வராவிட்டால் வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டுமா? ஊதிப் பார்த்த கணக்கு இருக்கிறதே, எழுதிய ரிப்போர்ட்டு இருக்கிறதே, அதைப் படித்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன? வாசகர்கள் இப்படிக் கேட்கலாம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6-ஆவது திருத்தம் இதற்குப் பதில் சொல்கிறது. அது 1791-இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்பவரை நேருக்கு நேர் பார்க்கும் உரிமை உண்டு. அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? "அந்த இடத்தில் வெளிச்சம் இருந்ததா?" என்று கேட்டால் காகிதம் பதில் சொல்லுமா?

நல்ல சட்டம். ஏழைக்கும் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைத்தான் அல்புகர்க்கியில் விலை போட்டு விற்றார்கள். ஆகவே சட்டத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

போக்குவரத்து வழக்குகளில் போலீஸ்காரரின் வார்த்தைக்கு இருக்கும் பலம் வேறு எந்த வழக்கிலும் இல்லை. கொலை வழக்கு என்றால் டாக்டர் வருவார், கைரேகை நிபுணர் வருவார், பக்கத்து வீட்டுக்காரர் வருவார். சிவப்பு விளக்கைத் தாண்டியதாக ஒரு வழக்கு என்றால் யார் வருவார்கள்? பிடித்தவர் ஒருவர், பிடிபட்டவர் ஒருவர். "தாண்டினார்" என்கிறார் ஒருவர். "தாண்டவில்லை" என்கிறார் மற்றவர். நீதிபதி யாரை நம்புவார் என்பது தெரிந்த கதை.

கலிபோர்னியா மாநிலத்தில் இந்தச் சின்ன வழக்குகளுக்கு ஜூரிகள் கிடையாது. ஏழைகளுக்கு அரசாங்கம் வக்கீல் வைத்துத் தராது. பெரும்பாலும் அரசுத் தரப்பு வக்கீலும் வருவது இல்லை. போலீஸ்காரர் நடந்ததைச் சொல்வார். டிரைவர் தன் பக்கத்தைச் சொல்வார். சில நிமிஷங்களில் தீர்ப்பு! நியூயார்க் நகரத்தில் இப்படிப்பட்ட வழக்குகளை மோட்டார் வாகன இலாகாவின் தனி மன்றம் விசாரிக்கிறது.

அபராதம் சிறியதுதான். ஆனால் லைசென்சில் கரும்புள்ளி விழும். காருக்குக் கட்டும் இன்ஷூரன்சு தொகை ஏறும். லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு வேலையே போனாலும் போகும்.

இந்தச் சிறிய கோர்ட்டுகளில் போலீஸ்காரர் வராமல் போவது அபூர்வமும் அல்ல. இரவு வேலை பார்த்துத் தூங்கியிருப்பார். வேறு கோர்ட்டில் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார். மாற்றலாகிப் போயிருப்பார். இவை குற்றம் இல்லாத காரணங்கள். இந்த நியாயமான கூட்டத்துக்குள்ளே லஞ்சம் வாங்கி வராதவர்களும் ஒளிந்துகொண்டார்கள். நீதிபதி தம் முன்னால் உள்ள ஒரு வழக்கைத்தான் பார்க்கிறார். "இதே போலீஸ்காரர், இதே வக்கீல் வந்தால் மட்டும் எத்தனை முறை வரவில்லை?" என்று எண்ணிப் பார்ப்பது யாருடைய பொறுப்பு? அந்தக் கணக்கை யாராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் 30 வருடம் ஓடியிருக்காது.

வந்தும் பொய் சொன்னவர்

வராதவர்கள் கதை இது. வந்து, கையை உயர்த்திச் சத்தியம் செய்து, பொய் சொன்ன ஒரு போலீஸ்காரர் சிகாகோவில் இருந்தார்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிப்பதில் அவர் பெரிய சூரர். அந்த மாநிலத்திலேயே அதிகம் பேரைப் பிடித்தவர்களில் ஒருவர். எத்தனையோ பேர் அவர் வார்த்தையால் தண்டனை அடைந்தார்கள்.

அவருடைய சொந்தக் காருக்கும் அபராதச் சீட்டுகள் வந்தன. வேகமாகப் போனதற்கு, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு! 2009-இல் இருந்து 44 சீட்டுகளை அவர் எதிர்த்து வாதாடினார்.

என்ன வாதம்? "அன்று நான் காரை ஓட்டவில்லை. என் காதலி என் காரைத் திருடிக்கொண்டு போய்விட்டாள். அவள்தான் ஓட்டினாள்!"

ஒரு தடவை அல்ல. திரும்பத் திரும்ப இதே கதை! ஆதாரம் என்று போலி ரிப்போர்ட்டுகளையும் காட்டினார். பெரும்பாலான சீட்டுகள் தள்ளுபடி ஆயின. விசாரித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆகவே, ஒருவருக்குச் சொன்ன கதை இன்னொருவருக்குத் தெரியவில்லை. இங்கேயும் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை!

அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2023-இல், பொய்ச் சத்தியம், போலிப் பத்திரம் ஆகிய குற்றங்களுக்காக அவர் மீது வழக்கு வந்தது. பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போகவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டுவிட்டார்கள்.

தன் அபராதத்துக்காக இத்தனை தடவை பொய் சொன்னவர், மற்றவர்கள் வழக்கில் கூண்டில் ஏறியபோது உண்மையைத்தான் சொன்னாரா? அவரால் தண்டனை பெற்ற குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பார்களா?

போலீசார் கூண்டில் பொய் சொல்வது அந்த நாட்டுக்குப் புதிது அல்ல. நியூயார்க் போலீசில் நடந்த ஊழலை விசாரித்த மோலன் கமிஷன் 1994-இல் அறிக்கை கொடுத்தது. போலீசாரே இதற்கு ஒரு பெயர் வைத்திருந்ததை அந்த அறிக்கை வெளியிட்டது. சாட்சியம் என்ற சொல்லையும் பொய் என்ற சொல்லையும் ஒட்டி, "டெஸ்டிலையிங்" என்று கேலியாகச் சொல்லிக்கொண்டார்களாம். பெயர் வைக்கும் அளவுக்கு வழக்கம் இருந்திருக்கிறது!

யார் தண்டிப்பது?

பொய்ச் சாட்சியால் தண்டனை அடைந்தவர் அந்தப் போலீஸ்காரர் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? கூடாது! அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 1983-இல் இப்படித் தீர்ப்பளித்தது. கூண்டில் ஏறிச் சொன்ன வார்த்தைக்காக, பொதுமக்களின் சிவில் உரிமைச் சட்டப்படி போலீஸ்காரர் மீது நஷ்டஈடு வழக்குக் கிடையாது. சாட்சிகள் பயம் இல்லாமல் பேசவேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். நீதிபதிகள் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. 6 பேர் ஒரு பக்கம், 3 பேர் மறு பக்கம்.

அப்படியானால் பொய் சொன்னவரை யார் தண்டிப்பது? அரசுத் தரப்பு வக்கீல்தான் பொய்ச் சத்திய வழக்குப் போட வேண்டும். அவருக்கோ தினமும் போலீசார் உதவி வேண்டும். இன்று இவர் மீது வழக்குப் போட்டால் நாளைக்கு மற்ற வழக்குகளில் யார் ஒத்துழைப்பார்கள்? அடுத்த வீட்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு அவன் கிணற்றிலேயே தண்ணீர் எடுக்கும் நிலைமை!

இன்னொரு வழியைச் சுப்ரீம் கோர்ட்டு முன்பே திறந்து வைத்தது. குற்றவாளிக்குச் சாதகமான ஆதாரம் அரசிடம் இருந்தால் அதை மறைக்காமல் கொடுக்கவேண்டும் என்று 1963-இல் தீர்ப்பு வந்தது. சாட்சியின் நாணயத்தைச் சந்தேகிக்க வைக்கும் தகவலையும் கொடுக்கவேண்டும் என்று 1972-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இதனால் பல ஊர்களில் அரசு வக்கீல்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பொய் சொல்லி அகப்பட்ட போலீசாரின் பெயர்கள் அதில் இருக்கும். பட்டியலில் பெயர் ஏறினால் அந்தப் போலீஸ்காரர் சாட்சிக்குப் பயன்படமாட்டார்.

ஆனால் போக்குவரத்துக் கோர்ட்டில் பல இடங்களில் அரசு வக்கீலே வருவதில்லை. பட்டியலை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? டிரைவருக்கோ இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது.

இரண்டு நோட்டுகள்

கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. நெடுஞ்சாலைப் போலீசார் 4 பேர், நடக்காத குற்றங்களுக்கு, இல்லாத டிரைவர்கள் பெயரில் அபராதச் சீட்டு எழுதியதாக 2018-இல் அகப்பட்டார்கள். எதற்கு? நிறைய வேலை செய்வதாக மேலதிகாரிகளுக்குக் காட்டத்தான்! இலாகா அதை உள்ளுக்குள்ளேயே விசாரித்து முடித்துவிட்டது. 2022-இல் பத்திரிகைகள் வெளியிட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

பிறகு கனெக்டிகட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். போலீஸ் பதிவையும் கோர்ட்டுப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். போலீஸ் பதிவில் சீட்டு இருக்கிறது. கோர்ட்டுப் பதிவில் இல்லை! 2014 முதல் 2021 வரை, குறைந்தது 25,966 சீட்டுகள் பொய்யாக இருக்கலாம் என்று 2023-இல் அறிவித்தார்கள்.

அடுத்த வருடம் தனி விசாரணை ஒன்று முடிந்தது. பெரும்பாலான தவறுகள் அசட்டையால் வந்தவை, வேண்டுமென்றே செய்தவர்கள் சிலரே என்று அது சொன்னது. போலீசார் அத்தனை பேரையும் திருடர்கள் என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். ஆனாலும் இரண்டு நோட்டுகளை ஒத்துப் பார்க்கும் வரை, எது அசட்டை, எது பொய் என்று கேட்கவே ஆள் இல்லை.

அல்புகர்க்கியிலும் இதையே செய்திருக்கலாம். எந்தப் போலீஸ்காரர் எத்தனை பேரைப் பிடித்தார், எத்தனை வாய்தாவுக்கு வந்தார், வராத நாளில் எதிரே நின்ற வக்கீல் யார் என்ற மூன்று கேள்விகளும் கோர்ட்டு நோட்டிலேயே பதில் உள்ளவை. அதைப் பார்க்க எப்.பி.ஐ. வரவேண்டியது இல்லை. ஒரு குமாஸ்தா போதும்.

நியூ மெக்சிகோவில் 2020-இல் வந்த சட்டப்படி போலீசார் சட்டையில் காமிராவை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும். ரோட்டில் நடப்பதைக் காமிரா பிடித்துவிடும். டிரைவர் தள்ளாடினாரா, ஊதினாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் கோர்ட்டில் காலியாகக் கிடக்கும் சாட்சிக் கூண்டைப் படம் பிடிக்க எந்தச் சட்டையிலும் காமிரா இல்லை.

2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஷெரீப் இலாகாவில் இருந்த ஒருவரும் அதில் சேர்ந்தார். ஒரு காலத்தில் போலீசார் சாட்சி சொல்லவேண்டிய கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். இப்போது வேறு கோர்ட்டில், வேறு இடத்தில், தவறாமல் வந்து நிற்கிறார்கள்.